மாமனார் வீட்டு மானிட்டர்

"அறுபதா? வெறும் அறுபது ஹெர்ட்ஸா? இதை வச்சுக்கிட்டு எப்படித் தீத்தோ இத்தனை நாள் உயிரோட இருந்தீங்க?"

"எங்கடா இருந்தேன்? தினமும் செத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

மாங் தெம்யோங் மவுஸைத் தூக்கி மேஜைமேல் போட்டார். திரையில் அவருடைய சிப்பாய் குப்புறக் கிடந்தான். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'உங்களைக் கொன்றவர்: கருவாடு.'

அவரைத் 'தீத்தோ', அதாவது மாமா, என்று கூப்பிடும் ஜெர்வின் அந்த வீட்டுக்கு வந்தது அவர் மகள் மயுமிக்காக. பெண் கேட்டு வருகிறவன் பெண் வீட்டில் கொஞ்ச நாள் உழைத்துக் காட்ட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். அப்போதெல்லாம் விறகு பிளக்கச் சொல்வார்கள், தண்ணீர் தூக்கச் சொல்வார்கள். சான் பாப்லோ ஊரில் இப்போது வீட்டுக்கு வீடு கேஸும் குழாயும் வந்துவிட்டன. ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டி ஓய்ந்த மாங் தெம்யோங்கிடம் பிளப்பதற்கு விறகு இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு துப்பாக்கி விளையாட்டு, இணையத்தில் முகம் காட்டாமல் 'கருவாடு' என்ற பெயரில் ஆடும் ஒரு ஜென்மப் பகை.

"நல்லாக் கேட்டுக்கோ. இந்த மெஷினைச் சரி பண்ணு. நான் அந்தக் கருவாட்டை ஒரே ஒரு தடவை சுடணும். சுட்ட அன்னிக்கு உங்க அப்பா அம்மாவைப் பொண்ணு கேட்க வரச் சொல்லு. அதுவரைக்கும் மூச்சு விடாத."

"இவ்வளவுதானா தீத்தோ?" என்று ஜெர்வின் சிரித்தான்.

அவன் சிரித்ததில் தப்பில்லை. சோற்றை விட்டாலும் விடுவான், மானிட்டர் பேச்சை விட மாட்டான் அவன். மறுநாளே பெரியப்பா மகன் கடையிலிருந்து ஒரு மானிட்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். ஜன்னல் அகலம். நூற்று நாற்பத்து நாலு ஹெர்ட்ஸ். புள்ளிகளோ பழைய திரையைப் போல நாலு மடங்கு.

வீட்டை ஒட்டி முன்பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த மயுமியின் அம்மா ஆலிங் சேப்பா, ஒரு தட்டில் பன்சித் நூடுல்ஸோடு எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா தம்பி? அது என்ன நூத்தி நாப்பத்தி நாலு?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவனிடம் இப்படிக் கேட்டால்?

"தீத்தா, திரையில ஓடுறது எல்லாமே படம். ஒண்ணை அழிச்சு ஒண்ணு வரைஞ்சுக்கிட்டே இருக்கும். பழைய மானிட்டர் ஒரு செகண்டுக்கு அறுபது படம் காட்டும். இது நூத்தி நாப்பத்தி நாலு. எதிரி சுவத்து மறைவிலேருந்து தலையை நீட்டினா, நமக்கு ஒரு துளி முன்னாடியே தெரிஞ்சுடும்."

"அறுபதுல தெரியாதா?"

"தெரியும். கொஞ்சம் லேட்டாத் தெரியும்."

"ஓஹோ" என்று தட்டை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மயுமிகூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று ஜெர்வினுக்கு நெஞ்சு நிறைந்தது.

மாங் தெம்யோங் ஆட உட்கார்ந்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. புல்லில் பனித்துளிகூடத் தெரிந்தது. ஆனால் எதுவும் நகரவில்லை. அவருடைய சிப்பாய், புனித வெள்ளி ஊர்வலத்தில் சொரூபத்தைச் சுமந்து போகிறவன் போல நின்று நின்று போனான். கருவாடு வந்தது. சுட்டது.

"முந்தியெல்லாம் பட்டுன்னு செத்தேன். இப்ப அணு அணுவாச் சாகிறேன். இதுக்குப் பேருதான் ரிப்பேரா?"

"உங்க கிராபிக்ஸ் கார்டு பழசு தீத்தோ. படத்தை வரையறது அதுதான். இத்தனை புள்ளிக்கும் அது ஒத்தை ஆளா வர்ணம் அடிக்கணும்னா என்ன பண்ணும், பாவம்? ரெசல்யூஷனைக் குறைச்சா வேகமா வரைஞ்சுடும்."

குறைத்தான். வேகம் வந்தது, முகம் போய்விட்டது. அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு கொஞ்சம் புள்ளிகளை நீட்டியதில், சிப்பாய்கள் எல்லாம் வாழையிலையில் அவித்த அரிசிக் கேக் போல ஆகிவிட்டார்கள். மாங் தெம்யோங் ஒரு அரிசிக் கேக்கை ஆவேசமாகச் சுட்டார். அது அவர் கட்சி ஆள். இன்னொன்றைச் சுட்டார். அது தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது திரும்பி அவரைச் சுட்டது. அதுதான் கருவாடு.

"மயுமி! இவனைத் தவிர உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"நீங்க ஒழுங்காச் சுடுங்கப்பா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அடுத்த வாரம் ஜெர்வின் புதிய கிராபிக்ஸ் கார்டு கொண்டுவந்தான். செங்கல் கனம். மூன்று விசிறி. பெட்டிக்குள் நுழையாததால் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு எப்படியோ உட்கார வைத்தான். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் படக்கென்று அணைந்தது. கார்டு குடிக்கிற மின்சாரத்துக்குப் பழைய பவர் சப்ளை தாங்கவில்லை. மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தால் கருவாட்டிடமிருந்து ஒரு செய்தி காத்திருந்தது.

'ஓடிட்டியா, கிழவா?'

மாங் தெம்யோங்குக்கு மீசை துடித்தது. "நான் கிழவன்னு இவனுக்கு எவன்டா சொன்னான்?"

எல்லா ஒயரையும் பிடுங்கி மாட்டியதில் பவர் சப்ளையும் மாறியது. அதையும் பெரியப்பா மகன்தான் கொடுத்தான், இதுதான் கடைசி இரவல் என்று சொல்லி. இப்போது எல்லாம் புதுசு. விசிறிகள் ஏழு வண்ணத்தில் சுழன்றன. ஜெர்வின் ரெசல்யூஷனை மறுபடி ஏற்றி வைத்து, கைகட்டி நின்று, "ஆடுங்க தீத்தோ" என்றான்.

முதல் நாளைவிட மோசமாக ஓடியது.

ஜெர்வினுக்கு வியர்த்துவிட்டது. கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினான். இணையத்தைத் திட்டினான். மாங் தெம்யோங் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"போதும் தம்பி. ஜீப்னிக்கு எஞ்சின் மாத்தச் சொன்னா நீ ஹாரனை மாத்திட்டு நிக்கிறே. வாசல் அந்தப் பக்கம்."

ஜெர்வின் மயுமியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.

"ஜெர்வின், மானிட்டர் ஒயர் எதுல சொருகியிருக்கு?"

அவனும் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஒயர் மதர்போர்டில் இருந்தது. கிராபிக்ஸ் கார்டில் இல்லை. அந்த மூன்று விசிறிக்காரன், கல்யாண வீட்டுக்கு வந்து யாரும் கூப்பிடாததால் வாசலிலேயே நின்றுவிட்ட விருந்தாளி போல, வேலையே இல்லாமல் ஜம்மென்று சுழன்றுகொண்டிருந்திருக்கிறான்.

இணையத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒயரை மெல்ல மாற்றியிருக்கலாம். மாங் தெம்யோங்குக்குத் தெரியவா போகிறது? ஜெர்வின் தலையைச் சொறிந்தான்.

"தப்பு என்னோடதுதான் தீத்தோ. மெஷின் மேல ஒண்ணும் இல்ல. மடத்தனமா ஒயரை மாத்திச் சொருகிட்டேன். கண்டுபிடிச்சது மயுமி."

கடைப் பக்கத்து வாசலில் ஆலிங் சேப்பா நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை ஆடித்தான் பாருங்களேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள்.

ஒயர் மாறியது. ஜெர்வின் ஞாபகமாக மானிட்டரையும் அறுபதிலிருந்து நூற்று நாற்பத்து நாலுக்கு ஏற்றினான்.

அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மவுஸை அசைத்தால் உலகம் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஓடுகிறவனின் கால் காலாகவே தெரிகிறது. திட்டத்தான் வந்து உட்கார்ந்தார் மாங் தெம்யோங். வாயை மூட மறந்துவிட்டார்.

"அடேங்கப்பா! இத்தனை நாளா நான் கண்ணை மூடிக்கிட்டா ஆடினேன்?"

ஆட்டம் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கருவாடு நின்றது. மாங் தெம்யோங் கத்திக்கொண்டே சுட்டார். சுட்டுக்கொண்டே இருந்தார். திரையில் எழுத்து மின்னியது: 'நீங்கள் கொன்றவர்: கருவாடு.'

வீடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாங் தெம்யோங் ஜெர்வினைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்னைப் பார்த்ததும் பயந்து போய் அப்படியே நின்னுட்டான்டா!"

"நூத்தி நாப்பத்தி நாலு தீத்தோ! நம்ம கண்ணு முந்திக்குது!"

"ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா. சாப்பாடு நிறையக் கொண்டு வரச் சொல்லு!"

நல்ல சேதியைச் சொல்ல ஜெர்வின் கடைக்கு ஓடினான். ஷாம்பு பாக்கெட் தோரணத்துக்குப் பின்னால், இத்தனை நாளும் கடைச் சரக்கைக் குறிக்கத்தான் என்று அவன் நினைத்திருந்த பழைய கம்ப்யூட்டரின் முன்னால், ஆலிங் சேப்பா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் மானிட்டர் நல்ல மானிட்டர்தான், தம்பி" என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஆனா நான் அசையாம நின்னேன். அப்பவும் முதல் மூணு குண்டும் தண்ணித் தொட்டியிலதான் பட்டுச்சு."

ஜெர்வின் இதை மாமனாரிடம் சொல்லலாமா, இல்லை மாமியாரிடமே ஆட்டம் கற்றுக்கொள்ளப் போகலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?