டர்ர்ர் அக்காவின் கச்சேரி

தஞ்சாவூரில் வயலினைத் தப்பாக வாசிப்பவர்கள் எத்தனையோ பேர். வேண்டுமென்றே தப்பாக வாசித்து, அதற்கு மேடையும் கேட்டவர் டர்ர்ர் அக்கா ஒருவர்தான்.

பெண்கள் விடுதியில் அவரும் நானும் ஒரே அறை. பகலெல்லாம் அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் வந்ததும் பழைய எட்டு எம்.எம். சினிமா புரொஜக்டரைச் சுவர் பக்கம் திருப்புவார். காயலான் கடையில் பொறுக்கிய பிலிம் துண்டுகளை ஊசியால் கீறி ஒட்டியிருப்பார். அது ‘டர்ர்ர்’ என்று ஓட, சுவரில் கோடுகள் நெளிய, அந்த நிமிஷம் தோன்றியதை வயலினில் வாசிப்பார். நேற்று வாசித்தது இன்றைக்கு வராது.

முதல் நாளே வார்டன் ஓடி வந்தார். “யாரு ரூம்ல மிக்ஸி வச்சிருக்கறது?”

விடுதி ஆண்டு விழாவில் இருபது நிமிஷம் வாசித்து முடித்து அக்கா கும்பிட்டார். முன்வரிசையில் இருந்த சமையற்கார அம்மா அன்போடு சொன்னார்: “சுதி சேத்தாச்சுல்ல? ஆரம்பிங்கம்மா.”

அந்தப் பிலிம் சுருளில் ஒரே ஒரு துண்டில் மட்டும் ஊசி படவில்லை. அக்காவின் தம்பி படித்துறையில் ஓடி வந்து, திரும்பிச் சிரித்து, காவிரியில் குதிக்கிறான். சிங்கப்பூர் மாமா எடுத்தது. அடுத்த ஆடியில் புதுத் தண்ணீர் அவனைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அவனுக்கு வேறு படம் கிடையாது.

“மெட்ராஸ்க்கு அனுப்பினா பென் டிரைவ்ல ஏத்தித் தருவாங்கக்கா” என்று நான் நச்சரிப்பேன்.

“ஒரு வாரம் அவனைக் கூரியர்ல அனுப்பிட்டு நான் எப்படிடி இருப்பேன்?”

திருத்துறைப்பூண்டியில் சில வாத்தியார்கள் சேர்ந்து எங்களைக் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்து ஜன்னல்களில் நெல் காயவைக்கும் தார்ப்பாயைக் கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கினார்கள். பாதி வாசிப்பில் ஒரு பெரியவர் எழுந்தார். “இது என்ன ராகங்க?”

“இப்பத்தாங்க பொறந்திருக்கு. இன்னும் பேரு வைக்கல.”

மண்டபமே சிரித்தது. புரொஜக்டர் என் பொறுப்பு. பிலிம் சிக்கினால், சூட்டில் அது எரிவதற்குள் விளக்கை அணைக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். தம்பி ஓடி வந்தான், சிரித்தான், குதித்தான். அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டான். அவனையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை. அவன் நெஞ்சில் ஒரு பழுப்புப் பொட்டு கிளம்பியது. அது விரிந்து, கொப்பளித்து, திரை முழுக்க வெளுத்துப் போனது. மீதிப் பிலிம் பற்சக்கரத்தில் நொறுங்கியது.

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அக்கா வாழ்க்கையில் வாங்கிய முதல் கைதட்டல். “எப்படிங்க கரெக்டா அந்த இடத்துல எரிய வச்சீங்க?” என்று ஒரு வாத்தியார் கூவினார்.

அக்கா வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வயலினைத் தோளில் ஏற்றி, அந்த வெறும் வெளிச்சத்துக்கு வாசித்தார். முடித்து எல்லாரையும் கும்பிட்டார்.

பஸ்ஸில் நான் விசும்பிக்கொண்டே வந்தேன். “என்னாலதான்க்கா...”

“அழாதடி. எத்தனை தடவை ஓட்டியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தண்ணிக்குள்ள போயிடுவான். இன்னைக்குத்தான் போகாம நின்னான்.”

என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மன்னார்குடி வரை தட்டிக்கொடுத்தபடியே வந்தார். தம்பியைப் பறிகொடுத்தவர் அவர், தூங்கிப்போனவள் நான்.