மல்லாட்டைத் தோல் மலையிலிருந்து மாப்பிள்ளைக்கு

திண்டிவனம்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சுதீஷ் அவர்களுக்கு, மாமனார் தேவகுமார் எழுதுவது. அருகன் அருளால் இங்கே உங்கள் அத்தை ரத்னமாலா, மல்லாட்டை வரத்து, நம் நிலக்கடலை மில் மோட்டார் எல்லாம் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. கனடாவில் நீங்களும் பிராமியும் சௌக்கியம் என்று நம்புவதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை எனக்கில்லை. போனில் சொன்னால் அவள் பிடுங்கிக்கொள்வாள். அதனால் இந்தக் கடிதத்தை எள்ளுருண்டைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். பார்சலை நீங்களே பிரியுங்கள்.

வீடியோவில் என் ஒரே மகளின் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டி, பனிமலைச் சரிவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்னோபோர்டு கற்றுக்கொள்கிறாளாம். ஒரு நிமிஷத்தில் ஏழு தடவை விழுந்தாள், எண்ணினேன். ஏழாவது தடவை எழுந்தாளா இல்லையா என்று தெரிவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது. பின்னால் யாரோ வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். குரல் உங்களுடையது போல் இருந்தது. தவறாக நினைத்திருந்தால் மன்னிக்கவும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் பலகைதான் தெரிகிறது.

மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று. பிராமிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. குற்றம் அவளுடையதல்ல. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "வுடுப்பா, நான் ஓட்டிக்கினு போறேன்" என்று அழுவாள். எனக்குப் பயம், கடைசிவரை விடவே இல்லை. இப்போது அந்தப் பனியில் அவளை யார் பிடித்துக்கொள்கிறார்கள்?

அது எவ்வளவு ஆபத்து என்று ஆதாரத்தோடு எழுதலாம் என்றுதான் நேற்று சாயங்காலம் நானே இறங்கிப் பார்த்தேன். நம் மில்லுக்குப் பின்னால் உடைத்த மல்லாட்டையின் தோல் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். மில்லில் கிடந்த ஒரு பழைய பலகையோடு மேலே ஏறினேன். எறும்பு, பூச்சி ஏதாவது என்னால் நசுங்கினால் பாவம் என்று முதலில் மேலிருந்து கீழ்வரை விளக்குமாற்றால் மெதுவாகப் பெருக்கி வழி செய்தேன். அந்தப் புண்ணியத்தில் சரிவு மழமழவென்று ஆகிவிட்டது. மூட்டை தைக்கும் விருத்தாசலம் என் கால்களைப் பலகையோடு கோணியில் சுற்றி, சணல் கயிற்றால் மூட்டை வாய் தைப்பது போலவே தைத்துவிட்டு டீக்குப் போய்விட்டான். இறங்கலாமா, வேண்டாமா என்று நான் சாமியை நினைத்துக்கொண்டு நிற்கும்போதே கீழே இருந்து, மில்லில் மல்லாட்டை புடைக்கும் குப்பம்மாள், "இன்னா மொதலாளி, கால கட்டிக்கினு எங்க போறீங்க?" என்று கூவினாள். திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். பாதி மலையில் மல்லாந்து கிடந்தேன்.

அந்தத் தையலில் இரண்டு நுனி உண்டு. ஒன்றை இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரியும், மற்றதை இழுத்தால் இறுகும். முப்பத்தைந்து வருஷம் மில் நடத்தியவன் எதை இழுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "அருவா எடுத்துக்கினு ஜல்தியா வரட்டா?" என்றாள் குப்பம்மாள். வேண்டாம் தாயே என்று அலறினேன். மணி ஐந்தரை ஆகிவிட்டது. பொழுது சாய்ந்தால் சமணர்களான நாம் வாயில் எதுவும் வைப்பதில்லையே. பசியோடு ராத்திரியைக் கழிக்க வேண்டுமே என்று அதற்கு வேறு பயம். கடைசியில் உங்கள் அத்தை கேப்பை அடையைத் தட்டில் எடுத்துக்கொண்டு தோலில் முழங்கால்வரை புதைந்து ஏறி வந்து, "பேத்தி எடுக்குற வயசுல இன்னாங்க இது பேஜாரு?" என்று கேட்டுக்கொண்டே ஊட்டினாள். கீழே வேலையாட்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கடைசி வாய்க்குத்தான் விருத்தாசலம் வந்தான். ஒரே இழுப்பு, கால் வெளியே வந்தது.

தோலில் விழுந்த எனக்கே இந்தக் கதி, பனியில் விழும் அவள் எலும்பு என்ன ஆகும்? ஆகவே மாப்பிள்ளை அவர்கள் உடனடியாக அந்த வகுப்பை நிறுத்தி, பலகையை யாருக்காவது தானம் செய்துவிடும்படி கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
தேவகுமார்.

பி.கு.: பார்சலை ஒட்டுவதற்கு முன், இன்னும் கொஞ்சம் ஆதாரம் இருக்கட்டும் என்று மறுபடியும் பலகையோடு ஏறினேன். இந்தத் தடவை விருத்தாசலம் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே வருவதாக ஏற்பாடு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வுட்ராதப்பா, வுட்ராதப்பா" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கண்ணைத் திறந்தால் அடிவாரத்தில் நிற்கிறேன். நின்றுகொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை! அவன் உச்சியிலிருந்து, "நான் அப்பவே வுட்டுட்டேன் மொதலாளி" என்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் அப்படியேதான் இருக்கிறது, அது போகாது போலிருக்கிறது. ஆனாலும் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். சைக்கிளுக்கு அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். சித்திரையில் நாங்கள் அங்கே வரும்போது பனி மிச்சம் இருக்குமா? என் செருப்பு அளவு எட்டு.