பதினேழு டிகிரி

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். அடிவாரத்தில் இருக்கும் சான்றொப்ப அலுவலகத்துக்கு மூன்றே படிகள். மலை ஏறினவர்கள் ஒரு மணி நேரத்தில் முருகனைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மூன்று படி ஏறினவர்கள் இறங்க மூன்று வாரம் ஆகும். பொதுமக்களின் இந்த இன்னலைக் களையும் பொருட்டு, முத்திரை குத்தும் தானியங்கி எந்திரம் ஒன்றை நிறுவ மேலிடம் திருவுளம் கொண்டது.

வேலை கனகம்மாசத்திரம் சாலையில் இருந்த கஜபதியின் பட்டறைக்கு வந்தது. அங்கே மெக்கட்ரானிக்ஸ் படித்தவள் கவிப்பிரியா ஒருத்திதான். பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எட்டு மாதமாகத் தற்காலிகப் பணி.

"எந்திரம் நல்லா ஓடுதுன்னு அந்த ஆபீஸ் முத்திரையோட ஒரு சான்றிதழ் வாங்கினு வா. அன்னிக்கே உன் வேலை நிரந்தரம்," என்றார் கஜபதி. "மெக்கட்ரானிக்ஸ்னா இன்னாடான்னு எங்க நைனா கேட்டாரு. மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் ஒரே சம்பளத்துலன்னு சொல்லி வச்சிகிறேன்."

ஒரு வேலையை எந்திரத்திடம் கொடுக்கும் முன் அதைச் செய்கிற மனிதரைக் கவனிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். கவிப்பிரியாவுக்குப் பேசத்தான் கூச்சம், கவனிப்பதில் கூச்சமில்லை. மூன்று நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அலுவலக உதவியாளர் வேடியப்பனைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடமாக முத்திரை குத்துகிறவர். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி குத்துவார். முத்திரை கோணலாக, பாதி மசிந்து விழும்.

"இன்னா பாப்பா, எனக்கு உலை வைக்க வந்துகிறியா?"

"இல்லீங்கண்ணா. உங்க கை வலிக்கக் கூடாதுன்னுதான்."

"ஆங், கைக்குச் சரி. வயித்துக்கு?"

எந்திரம் வந்தது. தாளின் ஓரத்தை உணர்வி கண்டுபிடிக்கும். மோட்டார் கையை இறக்கும். ஒரே நொடியில் முத்திரை நட்டநடுவில், எழுத்து எழுத்தாக விழும். அலுவலர் பரணிதரன் எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்கிவைத்தார்.

ஒரே வாரத்தில் எல்லாச் சான்றிதழும் திரும்பி வந்தன.

"பேங்குல திட்டி அனுப்பிச்சிட்டாங்க சார்," என்றாள் ரஞ்சிதம். கூலி வேலையை விட்டுவிட்டு, பெண்ணின் படிப்புக் கடனுக்காக நான்காவது முறையாக வந்திருந்தாள். "இம்மாம் நேரா, இம்மாம் தெளிவா எந்த ஆபீஸ்ல குத்துவாங்க, எந்தக் கடையில பிரின்ட் போட்டேன்னு கேக்கறாங்க."

எந்திரத்தின் நேர்த்தியால் பொதுமக்களுக்கு இடையூறு விளைவதாகப் பரணிதரன் கோப்பில் குறித்தார்.

"சார்," என்றாள் கவிப்பிரியா, தரையைப் பார்த்துக்கொண்டே. "இனிமே முத்திரை நேராத்தான் இருக்கும்னு பேங்குக்கு ஒரு கடிதம் போட்டுட்டா?"

"போடலாம்மா. அந்தக் கடிதத்துல முத்திரை குத்தணுமே. எந்த முத்திரையைக் குத்தறது?"

கவிப்பிரியா பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கினாள்.

பழைய சான்றிதழ் நானூறை எடுத்து வைத்து அளந்தாள். வேடியப்பனின் முத்திரை சராசரியாகப் பதினேழு டிகிரி இடப்பக்கம் சாய்ந்தது. காலையில் பதினான்கு, டீக்குப் பிறகு இருபது. ஏழு தாளுக்கு ஒன்றில் வலது ஓரம் விழவே விழாது. எந்திரத்தின் கைக்குள் செல்போனில் அதிரும் சின்ன மோட்டாரைப் பொருத்தினாள். மை அட்டையைப் பாதி காயவைத்தாள். பிழையைக் குறைக்க நான்கு வருடம் படித்தவள், பிழையைப் பிழையில்லாமல் உற்பத்தி செய்ய மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள்.

பேங்கு ஏற்றுக்கொண்டது. "இப்பத்தான் கவர்மென்ட் முத்திரை மாதிரி கீது," என்று ரஞ்சிதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மிஞ்சியது கவிப்பிரியாவின் சான்றிதழ்தான். 'எந்திரம் திருப்திகரமாக இயங்குகிறது' என்ற தாளை எந்திரத்தில் நுழைக்கப் போனாள். பரணிதரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நில்லும்மா! தன்னைப் பத்தின சான்றிதழ்ல தானே குத்திக்கிறதா? என்னோட விடுப்புக்கு நானே கையெழுத்துப் போட முடியுமா?"

ஆகவே வேடியப்பன் அழைக்கப்பட்டார். அவர் வேலை போகவில்லை. எந்திர மேற்பார்வை உதவியாளர் என்ற பெயரில் ஒரு மாதமாக எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பாப்பாவோடதா? குடு."

பழைய முத்திரையைத் துண்டால் துடைத்தார். செல்போனை அணைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்தினார். இருபத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக முத்திரை நட்டநடுவில், நேராக விழுந்தது.

நேரான முத்திரை திரும்பி வரும் என்று கவிப்பிரியாவுக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? "ரொம்ப நன்றிங்கண்ணா," என்றாள்.

மேலொப்பத்துக்குப் போன தாளைத் தலைமையகம் பத்தாம் நாள் திருப்பி அனுப்பியது. 'முத்திரை நேராக உள்ளது, ஐயத்துக்குரியது. அசல் முத்திரையுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

"எப்பவும் போல குத்துங்கண்ணா," என்று கெஞ்சினாள். வேடியப்பன் நாற்பது தாளில் குத்திப் பார்த்தார். நாற்பதும் நேர். ஜன்னலைப் பார்த்துக் குத்தினார், நேர். போனை இடுக்கிக்கொண்டு குத்தினார், அதுவும் நேர்.

"உனக்குன்னா கோணலா குத்த கை வர மாட்டேங்குதும்மா," என்றார், கண் கலங்க.

பரணிதரன் உடனே ஆணையிட்டார். தினமும் மூன்று மணி முதல் நான்கு வரை வேடியப்பன் எந்திரத்தைப் பார்த்துச் சாய்வுப் பயிற்சி பெற வேண்டும். பயிற்சியாளர்: செல்வி கவிப்பிரியா. அந்த ஒரு மணி நேரம் பொதுமக்கள் சேவை நிறுத்தி வைக்கப்படும்.

இப்போதெல்லாம் மூன்று மணிக்கு மூன்று படியும் நிரம்பிவிடுகிறது. எந்திரம் ஒன்று குத்தும். வேடியப்பன் ஒன்று குத்துவார். கவிப்பிரியா கோணமானியை வைத்துப் பார்ப்பாள். கடனின் அடுத்த தவணைக்காக வரிசையில் நிற்கும் ரஞ்சிதம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுக் கத்துகிறாள்:

"நேரா கீதுண்ணா! இன்னும் சாய்ங்க!"

"மசியணும்பா, மசியணும்!" என்கிறது பின்வரிசை.

நேற்று பதினொரு டிகிரி வந்தது. வரிசை முழுக்கக் கை தட்டியது. கவிப்பிரியாவும் தட்டினாள். இன்னும் ஆறு டிகிரியில் அவள் நிரந்தரம்.