பல் டாக்டர் பார்த்த மலைச் சைக்கிள்

மேட்டில் பாதி ஏறியபோது கியர் 'கடக்'கென்று நழுவியது. பெடல் இரண்டு சுற்று சும்மா சுற்றியது. மதிப்பீட்டாளர் காலை ஊன்றி நின்று, பின்னால் வந்த பால் வண்டிக்கு மரியாதையாக வழிவிட்டார்.

தன்னைவிடப் பதினைந்து வயது இளைய மேலாளருடன் மாதக் கடைசி ஞாயிறன்று மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதாக, அலுவலகம் முழுவதும் கேட்கும்படி அவர் சொல்லி வைத்திருந்தார். சொன்னபோது, சைக்கிளைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடியிருப்போர் சங்கம் 'ஆரோக்கிய இயக்கம்' என்று ஒரே மாதிரியாக மொத்தமாக வாங்கி, வீட்டுக்கு ஒன்றாகத் தலையில் கட்டிய சரக்கு அது. இயக்கம் ஒரே வாரத்தில் படுத்துவிட, சைக்கிள்களும் மாடிப்படிக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டன. அன்று காலைதான் தூசி தட்டி எடுத்தார். சாவி பூட்டுக்குள் போகவில்லை. துருப்பிடித்துவிட்டது என்று பூட்டையே அறுத்தெறிந்தார்.

நசுங்கி வரும் கார்களைச் சுற்றி வந்து 'சரிசெய்யலாம்' அல்லது 'இனித் தேறாது' என்று எழுதுவதற்குத்தான் காப்பீட்டு நிறுவனம் அவருக்குச் சம்பளம் தந்தது. பதினெட்டு வருடத்தில் எந்தக் காருக்காகவும் அவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசித்ததில்லை. சொந்தச் சைக்கிளுக்கு மட்டும் நான்கு நாளாக முடிவு வரவில்லை.

"புதுசா ஒண்ணு வாங்குங்க. இல்லன்னா அந்த மேலாளர்கிட்ட முட்டி வலின்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "ரெண்டுல எதுவா இருந்தாலும் இன்னிக்கே முடியும்."

புதுசு வாங்கக் கிளம்பியவரைப் படியிலேயே மடக்கினார் மேல்வீட்டுப் பல் டாக்டர். சைக்கிளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து, பையிலிருந்த சின்ன டார்ச்சை அடித்துச் செயினைப் பார்த்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"இதைக் கடையில போட்டுட்டு புதுசு வாங்கலாம்னு..."

"சேச்சே. சைக்கிளோட சட்டம் கல்லு மாதிரி இருக்கு. இது பிடுங்கற கேஸே இல்ல சார். செயினை மட்டும் மாத்துங்க."

செயின் மாறியது. புதுச் செயின், பழைய பல்சக்கரத்தின் மேல் முன்னைவிட அதிகமாக நழுவியது.

"பல்லெல்லாம் தேஞ்சு போச்சு சார்," என்றார் மெக்கானிக்.

இதைக் கேட்ட டாக்டரின் முகம் மலர்ந்தது. "பல்லுன்னா மாத்தித்தான் ஆகணும்," என்றார், அனுபவசாலியாக.

பல்சக்கரம் மாறியதும் சைக்கிள் பறந்தது. பறந்ததை நிறுத்தத்தான் பிரேக்குக்குத் தெரியவில்லை. அது நேராகப் போய்க் காவலாளியின் நாற்காலியில் முட்டி நின்றது. வேலை நேரத்தில் காவலாளி நாற்காலியில் இல்லாததைக் கண்டு குடியிருப்போர் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

டிஸ்க் பிரேக் போடலாம் என்றார் மெக்கானிக். அதற்கு இந்தச் சக்கரங்கள் ஒத்துவராது. சக்கரங்களை மாற்றினால், முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையில் பிரேக்கை மாட்ட இடமில்லை. கவட்டையும் மாறியது. மூன்று வாரம் மெக்கானிக் பட்டறையே கதியென்று கிடந்ததில், மதிப்பீட்டாளர் தொடாத நசுங்கிய கார்கள் அலுவலக வாசலில் வரிசை கட்டின.

"பழசுல இன்னும் என்னதான் மிச்சம் இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"சட்டம்."

"அதையும் மாத்திட்டா புதுசு வாங்கின மாதிரி ஆயிடுமே."

"ஆகாது. இது மேம்படுத்தினது."

"ஓஹோ," என்று அவள் ஜோடி தேடிக்கொண்டிருந்த காலுறைக்குத் திரும்பினாள். அந்த ஒரு 'ஓஹோ' அவரை ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. காலையில், வந்தது வரட்டும், புதுசே வாங்கிவிடலாம் என்று மறுபடியும் கிளம்பினார்.

மறுபடியும் படியில் டாக்டர்.

"வேர் சிகிச்சை முடிச்சுட்டு மேல உறை போடாம விடுவாங்களா சார்? இன்னும் சீட் ஒண்ணுதான் பாக்கி." அவரே ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். "கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லுங்க. ஜெல் வச்சது."

மதிப்பீட்டாளருக்கு நெஞ்சு கனிந்தது. கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. அலுவலகத்தில் அன்று முழுக்க டாக்டர் புராணம்தான். சைக்கிளைப் பற்றிப் பேச வந்த மேலாளர்கூடப் பாதியில் எழுந்து போனார்.

ஞாயிறு விடிந்தது. சைக்கிள் பளபளத்தது. கியர் வெண்ணெயாக விழுந்தது, பிரேக் தொட்டதும் பிடித்தது. மேலாளரின் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்தபடி மதிப்பீட்டாளர் அதை வாசலுக்குத் தள்ளி வந்தார். அங்கே டாக்டரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். டாக்டர் தலையில் ஹெல்மெட்.

வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று மதிப்பீட்டாளருக்குக் கண் கலங்கியது. "நீங்களும் வரீங்களா டாக்டர்?"

டாக்டர் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதில் மும்முரமானார். அவர் மனைவிதான் முன்னால் வந்து, கைப்பிடியை வாஞ்சையாகத் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா," என்றார். "இது எங்க சைக்கிள்னு முதல் நாளே சொல்லிடலாம்னுதான் நான் சொன்னேன், இவர்தான், வேலையெல்லாம் முடியட்டும், நடுவுல சொன்னா மனுஷன் மனசு சங்கடப்படும்னுட்டார்."