தொடர்பில் இல்லாத அக்கா

முழங்காலைப் பார்த்ததும் அதற்கு மேலே இருக்கும் ஆளை மறந்துவிடுகிற ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டு, பையில் மூன்று பேனா, வாயில் எந்நேரமும் ஒரு சதவீதம். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட "தொண்ணூறு சதவீதம்" என்பார்கள். ஆராய்ச்சி டாக்டர் என்று பெயர்.

நம்முடைய டாக்டர், தான் மூட்டு மாற்றி வைத்த நூறு பேர் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வழி ரொம்பச் சுலபம். வெட்டிய கையாலேயே காலைப் பிடித்துக்கொண்டு, பத்துக்கு எவ்வளவு வலி என்று அவரே கேட்பார். பிடி அவர் கையில் இருக்கும்போது யாருக்கு ஒன்பது என்று சொல்ல வாய் வரும்? நொண்டிக்கொண்டே உள்ளே வந்தவர்கள் மரியாதைக்கு "ஒண்ணுன்னு போட்டுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார்கள். ரோஷக்காரர்கள் திரும்பி வரவே இல்லை, வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே "தொடர்பில் இல்லை" என்று எழுதிப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார். வராதவனுக்கு வலிக்குமா என்ன?

இப்படியே தொண்ணூற்றொன்பது பேரை முடித்தாயிற்று. நூறாவது ஆள் அவருடைய சொந்த அக்கா. அதே வீட்டில் அடுத்த அறை. தையல் வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் வலியோடாவது மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவர், பிறகு மிதிப்பதையே விட்டுவிட்டார். வெட்டிய துணி வெட்டியபடி கிடக்கிறது, தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். காலை இன்னொரு தரம் ஒழுங்காகப் பார்க்கும்படி தம்பியிடம் சொன்னார், அவ்வளவுதான்.

"வலி எவ்வளவுக்கா? ரெண்டு போடட்டுமா?"

"எட்டு."

"எட்டெல்லாம் வராதுக்கா. எக்ஸ்ரே படத்தைப் பாரு, கோடு போட்ட மாதிரி நிக்குது."

"படம் நல்லாத்தான்டா இருக்கு. படத்தை வச்சு மெஷின் மிதிக்க முடியுமா?"

"கால்ல ஒரு குறையும் இல்லக்கா. எல்லாம் உன் மனசுலதான்."

"அப்ப மனசுலயா கத்தி வச்ச?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், நிஜமாகவே சுருக்கென்றது. ஆனால் திங்கட்கிழமை டாக்டர்கள் மாநாடு, அங்கே இந்தக் கணக்கை வாசிக்க வேண்டும். அக்காவின் எட்டு மட்டும் இல்லாவிட்டால் வெற்றி நூற்றுக்கு நூறு. "மாநாடு முடியட்டும்க்கா, பாக்கலாம்" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

டாக்டர் ஆராய்ச்சிப் பாரத்தை விரித்துப் பேனாவை எடுத்தார். நூறாவது பெயருக்கு எதிரே, கொஞ்சம் சின்ன எழுத்தில், "தொடர்பில் இல்லை" என்று எழுதினார்.

"தம்பி, டீ ஆறுது, வந்து குடி" என்றது அடுத்த அறை.

"இதோ வர்றேன்க்கா" என்றார் டாக்டர், பாரத்தை மூடிக்கொண்டே.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் முதுகு வலிக்கிறது என்றாரே, போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ஒண்ணும் இருக்காது, போய்ப் படு" என்று பாரத்தை நிரப்பிய டாக்டர் யார்?