மாப்பிள்ளை கிரகத்துக்குச் சீர்

“…படையோட வந்ததுகூடப் பரவாயில்லீங்கத்தை, அத்தன கப்பல்லயும் சோத்த ஏத்திக்கிட்டு எதுக்குங்க வந்தீங்க?” என்று அறை வாசலில் நின்று கேட்டார் என் மருமகன். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அதற்குள்ளிருந்து அவருடைய கூட்டாளிகள் கத்துவது கூடம் வரைக்கும் கேட்டது. என் மடியில் மகளின் லேப்டாப். அதன் திரையில், நான் அரும்பாடுபட்டு வளர்த்த எடப்பாடி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

(பதற வேண்டாம். எடப்பாடி என்பது நான் ஒரு கிரகத்துக்கு வைத்த பெயர்.)

மருமகனைப் பகைத்துக்கொள்ள மாமியார்களுக்கு ஆயிரம் வழிகள் உண்டு. விண்வெளிக்கே போய்ப் பகைத்துக்கொண்டவள், எனக்குத் தெரிந்து திருச்செங்கோட்டுப் பக்கம் நான் ஒருத்திதான்.

மருமகன் தங்கமானவர். ஆனால் பேசமாட்டார். சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் விட்டுவிட்டார்கள். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம் என்று வளர்ந்த பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படியேதான் இருந்தார். வைத்ததைச் சாப்பிடுவார், இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்று கேட்க வாய் வராது. “போதுங்களா மாப்பள?” என்றால் “போதுங்கத்தை.” “காப்பி குடிக்கறீங்களா?” என்றால் “சரிங்கத்தை.” தாகமெடுத்தால்கூட என் மகள் சுதாவிடம் கண்ணைத்தான் காட்டுவார்.

“அவருக்கு இங்க கூச்சமா இருக்குதும்மா. அதுக்குத்தான் வரலாம்னாலே யோசிக்கறாரு,” என்று சுதா ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றது ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் பாதி வருசம் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயாவது கிடப்பார். மருமகனுக்கு இந்த வீடு ஒட்டவில்லை என்றால், மகளும் மெல்ல மெல்ல வராமல் போய்விடுவாளே!

அவர் வாய்விட்டுப் பேசுவது ஒரே ஒரு இடத்தில். லீவு நாளில் கூட்டாளிகளோடு கம்ப்யூட்டரில் ஆடுகிற விண்வெளி ஆட்டம். ஆளுக்கொரு ராஜ்யம், கிரகங்கள், கப்பல்கள், படை. “டேய், பின்னால வளைடா!” என்று மூடிய கதவுக்குள்ளிருந்து குரல் வரும்போது, இந்த மனுசனுக்கு இத்தனை தொண்டையா என்று நான் அசந்துபோவேன்.

இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. சுதா தூங்கிக்கொண்டிருந்தாள். “நான் வேணா ஒக்காரட்டுங்களா மாப்பள?” என்று கேட்டுவிட்டேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுசர் அவர். மாட்டிக்கொண்டார்.

சுதாவின் லேப்டாப்பை என் மடியில் வைத்து, நாற்காலியைத் தள்ளிப் போட்டு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொன்னார். கல்யாண நாளிலிருந்து என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசியதில் பாதி தேறாது.

“மொதல்ல சோறும் கரண்டும் கொறஞ்சு செவப்புக்குப் போகாமப் பாத்துக்கோங்கத்தை.” (குடித்தனம் பண்ணுகிறவளுக்கு இதுவா தெரியாது!) “எடுத்ததும் எல்லாக் கிரகத்தையும் புடிக்கக் கூடாதுங்க. தேடற கப்பல அனுப்பி, என்ன இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் ஆள எறக்கோணும்.” (ரிக் வண்டிக்காரர் பெண்டாட்டி நான். நீரோட்டம் பார்க்காமல் எங்கள் வண்டி நகராது.) “திரையில பொட்டி வந்து என்னமாச்சும் கேட்டுதுன்னா, படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க.” எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினேன். அவர் தம் கம்ப்யூட்டருக்கு அறைக்குள் போய்விட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஆண்டேன். எடப்பாடி, ஆட்டையாம்பட்டி, தம்மம்பட்டி என்று கிரகங்களுக்குப் பெயர் வைத்தேன். எங்கே பார்த்தாலும் விவசாயம். நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னதும், “பூமியில கொடஞ்சே தண்ணி வரமாட்டேங்குது, நீ ஆகாசத்துல என்னத்தடி தேடற?” என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து ராஜ்யத்தைப் பார்த்தேன். மருமகனுடையது. சோற்றுக் கணக்கு செக்கச் செவேலென்று கிடந்தது! வேண்டுமென்றே சோற்றைக் குறைத்துப் படையைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மகளைக் கட்டினவர் நாட்டில் ஜனங்கள் பட்டினி.

அவரையே கேட்டிருக்கலாம்தான். ஆனால் ‘உங்க ஊட்டுல சோறு இல்லீங்களா’ என்று எந்த மாமியார் மாப்பிள்ளையைக் கேட்பாள்? சத்தமில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு சரக்குக் கப்பலில் அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒற்றைக் கப்பலில் சீர் போனால் பார்க்கிற நாலு கிரகம் என்ன பேசும்? எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் என்றால், வேன் பிடித்து, ஒன்றுவிட்ட சொந்தம் வரைக்கும் ஏற்றிக்கொண்டுதான் போவோம். ஆகவே இருந்த கப்பல் அத்தனையிலும் தானியத்தை நிரப்பினேன். மேளக்காரர்கள் போல பீரங்கிக் கப்பல்களை முன்னால் விட்டேன். ஊர்வலம் கிளம்பியது.

எல்லையில் ஒரு பெட்டி குதித்து வந்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. கீழே ‘எஸ்’, ‘நோ’. சீர் கொண்டு போகிறவள் வாயில் ‘இல்லை’ என்று வரலாமா? ‘எஸ்’ஸை அமுக்கினேன்.

அது கேட்டது, ‘இந்த நாட்டின் மேல் போர் தொடுக்கிறாயா?’ என்று.

மருமகனின் காவல் பீரங்கிகள் தாமாகவே சுட ஆரம்பித்தன. அவரை யார் அடித்தாலும் திருப்பி அடிப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்த கூட்டாளிகள் நாலா பக்கமும் என் மேல் பாய்ந்தார்கள். தம்மம்பட்டி போனது. ஆட்டையாம்பட்டி போனது. அவர் படை மொத்தமும் என் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அந்தக் கூட்டாளிகளிலேயே விவரமான ஒரு பையன் பின்வழியாகப் போய் அவர் தலைநகரத்தைப் பிடித்துக்கொண்டான். மத்தியானம் முழுக்க அவர் கட்டிய ராஜ்யம், ஒரு டீ ஆறுவதற்குள் காணாமல் போனது.

இன்றைக்கும் நான் மகள் வீட்டுக்குப் பையைத் தூக்கினால், “படை பெருசாம்மா, சின்னதா?” என்றுதான் சுதா போனில் கேட்கிறாள். நான் முகம்கூடப் பார்த்திராத அந்தக் கூட்டாளிகளுக்கு என் பெயரே ‘சீர் அத்தை’.

ஆனால் அந்த மத்தியானம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நஞ்சம் இருந்த ஒட்டுதலும் இதோடு அறுந்தது என்றுதான் நினைத்தேன். எதற்குச் சோற்றோடு வந்தீர்கள் என்று அவர் கேட்டதும், லேப்டாப் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

“படையா? அது சீருங்க மாப்பள! உங்க ஊட்டுல சோறு செவப்புல கெடந்துச்சுங்க. பாத்துட்டு எப்படிங்க நான் சும்மா இருக்கறது?”

அவர் எரிகிற எடப்பாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஹெட்போனை வாயருகே இழுத்து, “டேய், சுடாதீங்கடா. எங்கத்தை எனக்குச் சோறு கொண்டாந்திருக்காங்க,” என்றார். அந்தப் பக்கம் கொல்லென்ற சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி டிவி மேசையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குள் போனார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

“அத்தை, நேத்து வெச்ச கொழம்பு மிச்சம் இருக்குதுங்களா? பசிக்குதுங்க.”

நான் எழுந்து போவதற்குள் சட்டியைக் கண்டுபிடித்து, அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, நின்றபடியே வழித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.