மாதிரி நாடாளுமன்றத்தில் நான் செய்த வெளிநடப்பு

கோபம் வந்தால் யோசிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடும்.

அடையாறில் ஒரு கல்லூரியில் படித்தபோது, மாணவர்களுக்கு அரசியல் கல்வி தருகிறோம் என்று மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். நான் எதிர்க்கட்சித் தலைவர். (தகுதி: தொண்டை.) சபாநாயகராக இருந்த எங்கள் பேராசிரியர் முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்:

"நல்லா எதிர்த்துப் பேசும்மா. ஆனா யார் மனசும் புண்படக் கூடாது. முக்கியமா, அரசியல் வேணாம்."

அரசியல் கல்வியில் அரசியல் வேண்டாமாம்! மரம் நடுவதைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! ஓட்டுப் போடுவது கடமை என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். இந்தக் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லையே, ஏன்? தலைவரை நீங்களே நியமிக்கிறீர்களே, ஏன்?"

கடைசி வரிசையில் விசில் பறந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது சிலபஸ்ல இல்லம்மா. உட்காரு."

மைக்கை அணைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதைக் கண்டித்து எங்கள் கட்சி வெளிநடப்பு செய்கிறது!" என்று கத்திவிட்டு, திரும்பியே பார்க்காமல் வெளியேறினேன். வராந்தாவில் நின்று கோஷம் போடக் கையை ஓங்கித் திரும்பினால், எதிரே ஒரு பூனை.

ஜன்னல் வழியே பார்த்தேன். என் கட்சி முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தது. எல்லோரையும் எழுப்பி அழைத்து வரவேண்டிய கொறடா அருள், பெசன்ட் நகர்ப் பையன், ஜன்னலோரம் இருந்தான்.

"டேய், எழுந்து வாடா!"

"இரு மச்சி, பிரியாணி வந்துக்கினு கீது. துன்னுட்டு வெளிநடப்பு பண்ணலாம்."

வீட்டுக்காவது போய்விடலாமென்றால், பஸ் பாஸ் இருந்த பையை உள்ளேயே விட்டிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

"எதிர்க்கட்சித் தலைவர் அவைக்குத் திரும்பியதை வரவேற்கிறோம்" என்றார் பேராசிரியர். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் கட்சியும் சேர்ந்து தட்டியது!

இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மாணவர் பேரவைத் தலைவர் இன்னமும் நியமனம்தான். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது 'ஜனநாயகம் காப்போம்' என்று கல்லூரி வாசலில் பேனர் வேறு! பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கொறடாவையே கல்யாணம் செய்துகொண்டது தனிக் கொடுமை. வீட்டில் சண்டை வந்து நான் பால்கனிக்குப் போனால், அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் மகளிடம் சொல்வார்: "அம்மா வெளிநடப்பு. நீ சாப்பிடு, வந்துடுவாங்க."

நேற்று உப்புமாவைப் பார்த்ததும், "நான் வெளிநடப்பு!" என்று மகள் பால்கனிக்கு நடந்தாள். கிளறியது நான்தான். இருந்தாலும் கரண்டியை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போய் நின்றேன். ஒரு கட்சி என்றால் ஒருத்தராவது எழுந்து போக வேண்டாமா?